பல் இம்ப்ளாண்ட் சிகிச்சைக்குப் பின் விமானப் பயணம்

செஞ்சி வட்டாரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியா முதலிய இடங்களுக்கும் பணிநிமித்தம் சென்றோர், விடுப்பில் ஊர் திரும்பும்போது நெடுநாள் தள்ளிப்போட்ட பல் சிகிச்சையையும் முடித்துக்கொள்ள விரும்புகின்றனர். திருமணம், கோயில் விழா, உறவினர் வருகை என நாள்கள் கரைய, இறுதி வாரத்தில் மருத்துவரை நாடுவோரும் உண்டு. அப்போது குடும்பத்தார் கேட்கும் வினா: "நாளை மறுநாள் விமானம், ஏறலாமா?" இதற்கான விடை, சிகிச்சை எந்தத் தாடையில், எவ்வகையில் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது.

இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்பினுள் பதிக்கப்படும் டைட்டானியத் திருகு. இழந்த பல்லின் வேருக்கு ஈடாக அது நிற்கிறது. டைட்டானியத்தோடு எலும்பு உறுதியாகப் பிணைவதைக் கண்டறிந்த சுவீடன் நாட்டு மருத்துவர் பிரோனமார்க், 1965ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இதனைப் பொருத்தினார். இந்தப் பிணைப்பு முழுமை பெறப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். அதன் பின்னரே மேலே பல்முடி பொருத்துவது வழக்கம்.

விமானத்தில் நிகழ்வது என்ன?

விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், பயணிகள் அமரும் பகுதியின் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் உள்ளதற்கு இணையாக வைக்கப்படுகிறது. அதாவது, ஏறத்தாழ உதகமண்டலத்தில் இருப்பது போன்ற நிலை. அந்த அழுத்தத்தில், மூடிய குழியினுள் அடைபட்ட காற்று கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை விரிவடைகிறது. இம்ப்ளாண்ட் திடமான உலோகம். அதனுள் காற்று இல்லை. ஆகவே, அழுத்த மாற்றத்தால் அது தளர்ந்துவிடும் என அஞ்ச வேண்டியதில்லை.

மேல்தாடையின் கடைவாய்ப் பகுதி மட்டும் வேறுபட்டது. அவ்வெலும்பின் மேலே சைனஸ் எனும் காற்றறை உள்ளது. எலும்பு போதாதபோது, அவ்வறையின் மெல்லிய அடிச்சவ்வைச் சற்று உயர்த்தி, அடியில் எலும்புத்துகள் நிரப்புவர். இதனை 'சைனஸ் லிஃப்ட்' என்பர். புண் ஆறுமுன் காற்று விரிந்தால் வலியும் இரத்தக்கசிவும் உண்டாகலாம். சவ்வு கிழியவும் கூடும். இத்தகையோர் உதகை போன்ற மலைப்பயணத்துக்கும் மருத்துவரின் இசைவைப் பெறுதல் நன்று.

எத்தனை நாள் காத்திருப்பது?

• ஓரிரு எளிய இம்ப்ளாண்ட்கள்: இரத்தக்கசிவு நின்று, வீக்கம் தணியத் தொடங்கியபின், பொதுவாக 2 அல்லது 3 நாள்கள்.
• பல இம்ப்ளாண்ட்கள் அல்லது எலும்புச் சேர்ப்பு: ஏறத்தாழ ஒரு வாரம், தையல் பிரித்தபின் செல்வது மேலும் நன்று.
• சைனஸ் லிஃப்ட்: குறைந்தது 2 வாரங்கள், சவ்வு கிழிந்திருந்தால் அதனினும் கூடுதல்.

இவை பொதுவான அளவுகளே. நீரிழிவு நோயாளிகள், புகைப்பவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் வேறு கால அளவு கூறலாம். அம்மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

பெரும்பாலானோருக்கு விமானத்தைவிடக் கவலைக்குரியது, சிகிச்சை செய்த மருத்துவரை விட்டு விரைவில் தொலைவு சென்றுவிடுவதே. தையல் பிரிப்பதற்கு 7 முதல் 10 நாள்கள் ஆகும். கிருமித்தொற்றும் முதல் சில நாள்களிலேயே தலைகாட்டக்கூடும். அயல்நாட்டுப் பணியிடக் காப்பீட்டில் பல் சிகிச்சை அடங்காமலும் இருக்கலாம். எனவே, அறுவைச் சிகிச்சையை விடுப்பின் முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்க. பல்முடியை அடுத்த விடுப்பில் பொருத்திக்கொள்ள இயலுமா என்பதையும் அப்போதே கேட்டறிக.

பயண நாளில்

செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னை விமான நிலையம் செல்லவே ஏறத்தாழ 3 மணி நேரமாகும். அதன்பின் காத்திருப்பும் உண்டு. இட்லி, தயிர்சோறு போன்ற மென்மையான உணவை ஆறவைத்து உண்க. நீர் நிறையப் பருகுக, உறிஞ்சுகுழல் வேண்டா. மதுவும் புகையிலையும் அறவே கூடா. கனத்த பெட்டிகளைத் தூக்கும் பணியை உடன் வருவோர் ஏற்பாராக. சைனஸ் லிஃப்ட் செய்துகொண்டோர் மூக்கைச் சிந்தாமல், தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்ம வேண்டும்.

மருந்துகளைக் கைப்பையிலேயே, மருத்துவரின் சீட்டுடன் வைத்துக்கொள்க. டிரமடால், கோடீன் போன்ற வலிநீக்கிகளுக்கு ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட நாடுகளில் கடும் கட்டுப்பாடு உண்டு. பன்னாட்டுப் பயணத்தில் வாய்கொப்பளிக்கும் மருந்து 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத புட்டியில் இருத்தல் வேண்டும். இம்ப்ளாண்டின் வகையும் அளவும் குறித்த அட்டையையும் பத்திரப்படுத்துக. அயலூர் மருத்துவருக்கு அது வழிகாட்டும்.

பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டிய அறிகுறிகள்

பஞ்சுத்துணியை அரை மணி நேரம் கடித்திருந்தும் நில்லாத இரத்தம், 3 நாள்களுக்குப் பின்னும் பெருகும் வீக்கம், காய்ச்சல், பருகிய நீர் மூக்கின் வழியே வருதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், மருத்துவரைக் காணாமல் புறப்படாதீர்கள். மூச்சுவிடவோ விழுங்கவோ இயலாவிடில், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்க.

சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே, நீங்கள் ஊர் திரும்பும் நாளையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அதற்கேற்பவே அவர் சிகிச்சையைத் திட்டமிட இயலும்.