கார்டு இருந்தால் போதுமா, தம்பி?

திருப்பூர் வேலம்பாளையத்தில் பகலெல்லாம் பனியன் கம்பெனிப் பவர் டேபிளில் குனிந்திருப்பவர்களில் பல பேர் ராத்திரியானால் கலைஞர்கள். ஜமாப் மேளம் அடிப்பார்கள், கும்மி சொல்லிக்கொடுப்பார்கள், மெல்லிசைக் குழுவில் பாடுவார்கள், நாடகத்தில் வேஷம் கட்டுவார்கள். அப்படி ஒரு தம்பி ஒண்ணரை ஷிஃப்ட் முடித்துவிட்டு டீக்கடைக்கு வந்தார். சங்கத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும், "சந்தா கட்டிட்டேனுங்ணா, கார்டும் இருக்குது. மத்ததெல்லாம் மேல இருக்கறவிங்க பாத்துக்குவாங்க" என்றார்.

மேலே இருப்பவர்கள் எதைப் பார்த்துக்கொள்வார்கள், எதைப் பார்க்க அவர்களுக்கு அதிகாரமே கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தம்பி. இன்னொரு டீ சொல்லிக்கொள்ளலாம், நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது.

தென்னிந்திய நடிகர் சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1952-ல் தொடங்கியது. சினிமா நட்சத்திரங்களின் சங்கம் என்றுதான் வெளியே பெயர், ஆனால் உறுப்பினர்களில் பலர் ஊர் ஊராகப் போய் நடிக்கும் நாடகக் கலைஞர்கள். சென்னை தியாகராய நகர் அபிபுல்லா சாலையில் சங்கத்துக்குச் சொந்தமாக நிலம் உண்டு. அதன்மேல் இருந்த கடனை அடைக்க விஜயகாந்த் தலைவராக இருந்தபோது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நட்சத்திர விழா நடத்தினார்கள். அத்தனை பேர் பாடுபட்டு மீட்ட நிலம். 2010-ல் ஒரு தனியார் திரையரங்க நிறுவனம் அதே இடத்தில் வளாகம் கட்டிக்கொள்ள, நீண்டகாலக் குத்தகைக்கு நிர்வாகிகள் ஒப்பந்தம் போட்டார்கள்.

நல்ல ஒப்பந்தமா, மோசமான ஒப்பந்தமா என்பதை விடுங்கள். எதிர்த்தவர்கள் கேட்டது வேறு கேள்வி: பொதுக்குழுவின் முறையான ஒப்புதல் எங்கே? சங்கத்தின் சொத்தைப் பற்றி முடிவெடுக்கும் இடம் பொதுக்குழு. நிர்வாகிகள் அதன் சொல்லை நிறைவேற்றுபவர்கள். இது விளங்கிய சிலர் நீதிமன்றம் போனார்கள். விஷயம் வளர்ந்து 2015 அக்டோபர் 18-ல் நடந்த தேர்தலில் வந்து நின்றது. ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபன் முன்னிலையில் நடந்த அந்தத் தேர்தலில் நடிகர் நாசர் அப்போதைய தலைவர் சரத்குமாரை வென்றது நூற்றுச் சொச்சம் ஓட்டில்தான். மாவட்டத்து நாடகக் கலைஞர்களின் தபால் ஓட்டு எவ்வளவு பெறும் என்று இப்போது எண்ணிப்பாருங்கள்.

அதற்கப்புறம் நடந்ததை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். நடிகர் சங்கம் பதிவாகியிருப்பது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ். அந்த 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு நிர்வாகக் குழு மூன்று வருஷத்துக்கு மேல் பதவியில் இருக்க முடியாது. 2015-ல் வந்தவர்களுக்கு 2018 அக்டோபரோடு காலம் முடிந்தது. பொதுக்குழுவைக் கூட்டி ஆறு மாதம் நீட்டித்துக்கொண்டார்கள். தேர்தல் 2019 ஜூன் 23-ல்தான் நடந்தது. அதற்குள் 61 பேரின் உறுப்பினர் தகுதியை மாற்றிவிட்டதாகப் புகார் எழுந்து, பதிவாளர் தேர்தலை நிறுத்தச் சொன்னார். ஓட்டுப் போடலாம், எண்ணக் கூடாது என்றது உயர்நீதிமன்றம். பெட்டிகளுக்குச் சீல் வைத்தாயிற்று. அரசு தனி அதிகாரியைப் போட்டது. 2020 ஜனவரியில் தேர்தலே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2022 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, எண்ணலாம் என்றது. எண்ணி முடித்தது மார்ச் 20-ல். போட்ட ஓட்டு இரண்டே முக்கால் வருஷம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நடுவில் கொரோனா வந்து மேடையெல்லாம் அடைத்துக் கிடந்த காலம் வேறு. கலைஞனுக்குச் சங்கம் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், தேர்ந்தெடுத்த நிர்வாகம் அவனுக்கு இல்லை. ஒரு தேதியும் ஒரு உறுப்பினர் பட்டியலும் செய்த வேலை இது.

அதனால்தான் உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானது என்று முதலில் கேட்கச் சொல்கிறேன். தொழிற்சங்கமாகப் பதிவானால் அதற்கென்று சில பாதுகாப்புகள் உண்டு. தொழில் தகராறில் வேலைநிறுத்தம் செய்ததற்காக அதன்மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையை 1926-ஆம் வருஷத் தொழிற்சங்கச் சட்டத்திலேயே உறுப்பினருக்கு எழுதிவைத்தார்கள். சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் இருந்தால் வழி வேறு: மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து மனுக் கொடுத்தால் பதிவாளர் விசாரிக்கலாம். நம்மூர்க் கும்மி, ஜமாப் குழுவினர் பலரும் சங்கம் என்று சொல்வது நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தை. அது அரசு அமைப்பு. படிப்பு, கல்யாணம், விபத்து இவற்றுக்கு உதவித்தொகை தரும். உங்கள் கூலிக்காக, நிகழ்ச்சி பிடித்துத் தரும் ஏஜென்ட்டிடம் போய்ப் பேசாது.

சந்தாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 நவம்பரில் பாடகி சின்மயியை டப்பிங் யூனியன் நீக்கியது. இரண்டு வருஷச் சந்தா பாக்கி என்பது யூனியன் சொன்ன காரணம். பாலியல் அத்துமீறல்களைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசிய சில வாரங்களில் நடந்தது இது. அவர் எதிர்த்து நீதிமன்றம் போனார். யார் பக்கம் நியாயம் என்று ஊரே பேசியது. நான் உங்களுக்குச் சொல்வது சின்ன விஷயம்: எத்தனை நாள் பாக்கி வைத்தால் பெயர் போகும், அதற்கு முன் நோட்டீஸ் தர வேண்டுமா என்று விதிப்புத்தகத்தில் பார்த்து வையுங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

திருப்பூர்க்காரருக்குச் சங்கத்தின் பலத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1984-ல் பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. 2023-ல் ஹாலிவுட் நடிகர்கள் இதேபோல் வேலையை நிறுத்தி நின்றது 118 நாள். ஒருவருடைய முகத்தையும் குரலையும் கணினியில் நகலெடுக்க அவர் சம்மதமும் கூலியும் வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. கடைசியில் ஒப்பந்தம் உறுப்பினர்களின் ஓட்டுக்கு வந்தது. போட்டவர்களில் 78 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். ஆனால் ஓட்டுப் போட்டதே 38 சதவீதம் பேர்தான். நான்கு மாதம் சம்பளமில்லாமல் நின்று வாங்கிய ஒப்பந்தத்தின்மேல் பத்தில் ஆறு பேர் வாய் திறக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

"ஓட்டெல்லாம் சென்னைலதானுங்ணா, நாம எங்க போறது?" என்றார் தம்பி. தபால் ஓட்டு இருக்கிறதே. அதிலும் கவனம் வேண்டும். 2019-ல் மும்பையில் படப்பிடிப்பில் இருந்த ரஜினிகாந்துக்கே தபால் வாக்குச்சீட்டு முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்தது, அவரால் ஓட்டுப் போட முடியவில்லை. நீங்களோ லைன் வீட்டுக்கு லைன் வீடு மாறுகிறவர். வீடு மாறியதும் கேஸ் புத்தகத்தில் முகவரி மாற்றுகிறீர்கள் அல்லவா, அன்றைக்கே சங்கத்துக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள். அதே கடிதத்தில் விதிப்புத்தகம் ஒன்று அனுப்பச் சொல்லியும் எழுதிவிடுங்கள்.