இல்லத்தில் ஆற்றும் தொழிலும் தொழிலே

நமது நாட்டின் சனத்தொகையில் பாதிக்கும் அதிகமானோர் பெண்களாவர். ஆயினும், 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் உள்ளனர். ஆண்களில் இது மூன்றில் இரண்டு பங்கிற்கும் அதிகமாகும். பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாவோரில் பெண்களே அதிகமாக இருக்கையில், இவ்விடைவெளி கல்வியின்மையால் ஏற்பட்டதெனக் கூறுவதற்கில்லை.

காரணம் வீட்டிலேயே உள்ளது. மகப்பேற்று விடுமுறையாக 84 நாட்களைச் சட்டம் வழங்குகின்றது. ஆனால் பிள்ளை வளர்ப்பு 84 நாட்களில் முடிவடைவதில்லை. பாடசாலை பிற்பகல் 1.30 மணியளவில் விடுகின்றது. அலுவலகமோ மாலை நான்கு மணிக்குப் பின்னரே முடிவடைகின்றது. இடைப்பட்ட நேரத்தில் பிள்ளையைப் பார்ப்பதற்கு அம்மம்மாவோ அப்பம்மாவோ இல்லாத வீடுகளில், தாயே தொழிலைத் துறக்க நேரிடுகின்றது.

இத்தகைய தாய்மாருக்குப் பகுதிநேர வேலை, நேரத்தை மாற்றியமைத்துக்கொள்ளும் வேலை, இல்லத்திலிருந்தே செய்யும் வேலை என்பன கைகொடுக்கக்கூடியவை. தையல், பனையோலைக் கைப்பணி, உணவுத் தயாரிப்பு, பிரத்தியேக வகுப்பு என்பன நாம் நெடுங்காலமாக அறிந்தவை. கணக்குப்பதிவு, மொழிபெயர்ப்பு, கணினித் தரவுப் பதிவு போன்றவற்றையும் வீட்டிலிருந்து செய்ய இயலும் என்பதை 2020 ஆம் ஆண்டின் கொவிட் முடக்கம் நிறுவனங்களுக்கே உணர்த்தியது.

எனினும் இதில் ஓர் ஆபத்தும் மறைந்துள்ளது. வீட்டில் இருப்பவர்தானே, ஓய்வுநேரத்தில் செய்வதுதானே எனக் கூறிக் கூலியைக் குறைப்போர் உளர். நூல், மின்சாரம், இயந்திரத் தேய்மானம் யாவும் தாயின் செலவாகின்றன. துண்டுக் கணக்கில் வேதனம் பெறும் ஊழியரும் ஊழியர் சேமலாப நிதிக்கு உரித்துடையவர்களே. அதற்குத் தொழில்தருநர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் செலுத்த வேண்டும். ஆயினும், வீட்டில் வேலை செய்பவர் ஊழியர் அல்லர், ஒப்பந்தகாரரே என வாதிட்டு இப்பொறுப்பிலிருந்து நழுவுவது எளிதாக உள்ளது.

எனவே, வேலையை ஏற்கும் முன்னர் கூலி, கொடுப்பனவுத் திகதி, மூலப்பொருட் செலவு ஆகியவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்வதும், ஒப்படைத்தவற்றுக்குக் குறிப்பேடு வைத்திருப்பதும் அவசியமாகும். பிணக்கு ஏற்படுமிடத்துத் தொழில் திணைக்களத்தில் முறையிடுவதற்கு அக்குறிப்பேடே சான்றாக அமையும்.

அரசுக்கும் கடமையுண்டு. வீட்டிலிருந்து தொழில் புரிவோரை ஏனைய ஊழியருக்குச் சமமாக நடத்தக் கோரும் 177 ஆம் இலக்கச் சமவாயத்தைச் சர்வதேச தொழில் அமைப்பு 1996 இல் நிறைவேற்றியது. இலங்கை அதனை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. அதனை ஏற்பதோடு, கட்டுப்படியாகும் செலவில் பகல்நேரச் சிறுவர் பராமரிப்பு நிலையங்களையும் பிரதேசந்தோறும் அமைக்க வேண்டும்.

தாய்மார் கேட்பது சலுகையன்று. தமது உழைப்பு உழைப்பாகவே மதிக்கப்பட வேண்டும் என்பதையே அவர்கள் கேட்கின்றனர். அக்கோரிக்கை நியாயமானது என்பதே எமது நிலைப்பாடாகும்.