பாலம் கட்டி முடியும்வரை எந்த வழியால் போவது?

சென்ற மாதம் எங்கள் கடைத்தெருவுக்கு ஒரு மகஜர் வந்தது. பிரதான வீதியை அகலமாக்க வேண்டும், ஊர் எல்லையிலுள்ள பழைய பாலத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும், இரண்டுக்கும் வெளிநாட்டு நிதி பெற்றுத்தர வேண்டும் என்று அமைச்சருக்கு எழுதப்பட்டிருந்தது. வர்த்தகர் சங்கச் செயலாளரே கொண்டுவந்து மேசையில் வைத்தார். எனக்கு முன்னர் நாற்பது பேருக்கு மேல் கையொப்பமிட்டிருந்தார்கள். ஒரு நாள் வைத்திருந்து வாசித்துவிட்டுத் தருகிறேன் என்றேன்.

"என்ன காக்கா, ரோட்டு வேணாமா?" என்று கேட்டார்.

வேண்டும். பாலத்தின் அருமை தெரியாதவனல்ல நான். இளம் வயதில் திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குச் சாமான் கொண்டுபோன காலத்தில், வானைக் கரையில் நிறுத்திவிட்டு 'பாதை' வரும்வரை காத்துக் கிடந்திருக்கிறேன். (எங்கள் பக்கத்தில் வாகனம் ஏற்றும் படகுக்குப் பாதை என்றுதான் பெயர்.) மழைக்காலத்தில் பிஸ்கட் பெட்டி நனைந்தால் அந்தப் பயணத்தின் இலாபம் போய்விடும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். அன்றைக்கு நாட்டிலேயே நீளமான பாலம் அதுதான். சவூதி அபிவிருத்தி நிதியத்தின் கடனுதவியில் கட்டியது. அதன்பிறகு என்னிடம் சாமான் எடுத்த கடைக்காரர்களில் சிலர் நேரே கொழும்புக்கு லொறி அனுப்பத் தொடங்கினார்கள் என்பது வேறு கதை. பாலம் வந்தால் எல்லோருக்கும் வியாபாரம் கூடும் என்று மேடையில் சொல்வார்கள், அது முழு உண்மையல்ல.

மகஜரை ஏன் உடனே ஒப்பமிடவில்லை என்பதற்கு வருகிறேன். அதில் வீதி இருந்தது, பாலம் இருந்தது, பணம் இருந்தது. வேலை நடக்கும் காலத்தில் சனங்கள் எந்த வழியால் போவது என்பது மட்டும் இல்லை.

2021 நவம்பர் 23ஆம் திகதியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அதனால் சனங்கள் படகுப் பாதையில் போய்வந்தார்கள். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகளோடு அது கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் மௌத்தானார்கள், பிறகு எண்ணிக்கை கூடியது. அடுத்த ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. ஒப்பந்தக்காரர்களுக்குப் பணம் போகவில்லை, நாடெங்கும் எத்தனையோ வீதி வேலைகள் அரைகுறையில் நின்றன. ஆகவே, 'இன்னும் ஒரு வருடந்தானே' என்று யாராவது சொன்னால் அந்த வருடத்துக்கு யார் பிணை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மட்டக்களப்பில் வேறு விதமாக நடந்தது. கல்லடியில் 1924இல் கட்டிய லேடி மன்னிங் பாலம் ஒருவழிப் பாலம். ஒரு பக்கத்து வாகனங்கள் கடக்கும்வரை மறுபக்கம் நிற்கும். ஜப்பானின் ஜெய்க்கா நிதியில் புதுப் பாலம் கட்டியபோது பழையதை உடைக்காமல் பக்கத்திலேயே கட்டினார்கள். 2013 மார்ச்சில் புதியது திறக்கும்வரை, ஒருவழியென்றாலும், காத்தான்குடிச் சாமான் அதே பழைய பாலத்தால் நகரத்துக்குள் போனது. பக்கத்தில் கட்ட இடமில்லாத ஊர்களும் உண்டு. அங்கே தற்காலிகப் பாலத்துக்கான செலவையும் மதிப்பீட்டிலேயே போட வேண்டும். பிறகு கேட்டால் அதற்கு நிதி ஒதுக்கவில்லை என்ற பதில்தான் வரும்.

பணம் எப்படி வருகிறது என்பதையும் கொஞ்சம் விளங்கிக்கொள்வது நல்லது. நகர சபை தானாகப் போய் வெளிநாட்டில் கடன் வாங்க முடியாது. அமைச்சு, அமைச்சரவை, திறைசேரியின் வெளிநாட்டு வளங்கள் திணைக்களம் என்று கோப்பு நடக்க வேண்டும். வீதி யாருடையது என்பதும் முக்கியம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கும் உரியவை. எங்கள் மகஜரில் இரண்டையும் கலந்து எழுதியிருந்தார்கள். அந்தக் கோப்பு ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

வீதி அகலிப்பிலும் இதே கதைதான். சில வருடங்களுக்கு முன்னர் என் கடை வாசலில் வடிகான் வெட்டினார்கள். இரண்டு மாதம் என்றார்கள், எட்டு மாதம் எடுத்தது. நோன்பு கால வியாபாரம் முழுவதும் ஒரு பலகையின் மேல் நடந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண் அந்தப் பலகையில் கால் வைப்பாளா? அந்த நோன்பில் முந்திய வருடத்தின் பாதி விற்பனைகூட இல்லை. கொழும்பு முதலாளிக்குக் கொடுத்த காசோலை ஒன்று திரும்பியது. முப்பது வருட வியாபாரத்தில் அது ஒன்றுதான். காணி எடுத்திருந்தால் நட்டஈடு கேட்டிருக்கலாம். என் காணியில் ஒரு அங்குலமும் எடுக்கவில்லை, ஆகவே கேட்க ஒன்றுமில்லை. காணி போகிறவர்கள் உறுதியையும் கணக்குப் புத்தகத்தையும் இப்போதே சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கணக்கை மதிப்பீட்டாளர் எழுதமாட்டார்.

மறுநாள் மகஜரின் அடியில் மூன்று வரி சேர்த்தேன். பழைய பாலத்தை உடைக்குமுன் பாதுகாப்பான மாற்று வழி திறக்கப்பட வேண்டும், அதன் செலவு நிதிக் கோரிக்கையிலேயே அடங்க வேண்டும். வீதி வேலை நூறு நூறு மீற்றராக முடிக்கப்பட வேண்டும். நோன்பு, தீபாவளி, சித்திரை வருடப்பிறப்புக் காலங்களில் கடை வாசல்கள் வெட்டப்படக் கூடாது. பிறகு ஒப்பமிட்டேன்.

செயலாளர் வாசித்துவிட்டு, "இதையெல்லாம் போட்டா தாறதும் தராம உட்ருவாங்க காக்கா" என்றார். ஆனாலும் அழிக்கவில்லை. ஏற்கெனவே ஒப்பமிட்டவர்களிடம் மீண்டும் காட்ட வேண்டுமே என்று முணுமுணுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்.