புகையும் மனமும்

டெல்லியில் நவம்பர் மாதம் வந்தால் காலைச் சூரியன் சரியாகத் தெரியாது. வானம் சாம்பல் பூசியது போல் இருக்கும். பார்ப்பவர்கள் பனி என்று நினைப்பார்கள். பனி கொஞ்சம்தான். மீதி புகை.

இவ்வளவு புகை எங்கிருந்து வருகிறது? வண்டிகள் புகை விடுகின்றன. ஆலைகள் விடுகின்றன. தெருவில் குப்பையை எரிக்கிறார்கள். பஞ்சாப், அரியானா மாநிலங்களில் நெல் அறுத்த பிறகு, வயலில் நிற்கும் தாளுக்குத் தீ வைக்கிறார்கள். அந்தப் புகையும் டெல்லிக்கு வருகிறது. குளிர் காலத்தில் காற்று பலமாக வீசாது. புகை கலையாமல் அப்படியே தங்கிவிடும்.

புகையால் இருமல் வரும், மூச்சு இளைக்கும். இது எல்லாருக்கும் தெரியும். புகை மனதையும் பாதிக்குமா?

பாதிக்கும். காற்று கெட்ட ஊர்களில் மனச்சோர்வும் அதிகமாக இருப்பதைப் பல நாட்டு ஆராய்ச்சிகள் கண்டிருக்கின்றன.

நெஞ்சுக்குள் போகும் புகை தலைக்கு எப்படிப் போகும்? புகையில் மிக நுண்ணிய தூசி இருக்கிறது. ஒரு தலைமுடியின் கனத்தை முப்பது பங்கு போட்டால், அதில் ஒரு பங்குகூட இராது. மூக்கில் உள்ள முடியால் இதைத் தடுக்க முடியாது. தூசி நுரையீரலுக்குள் போகிறது. அதிலும் மிகச் சிறியவை இரத்தத்தில் கலந்துவிடும். இன்னொரு வழியும் உண்டு. வாசனை அறியும் நரம்பு மூக்கிலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. அந்த வழியாகவும் தூசி நுழையலாம். மெக்சிகோ நகரத்திலும், இங்கிலாந்தில் உள்ள மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்தவர்களின் மூளையைச் சோதித்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. மூளைக்குள் நுண்ணிய இரும்புத் துகள்கள் இருந்தன. வண்டிப் புகையில் இருக்கும் துகள்களைப் போலவே அவை இருந்தன.

காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவந்து வீங்குகிறது அல்லவா? வெளியிலிருந்து வந்த பொருளோடு உடல் போராடுகிறது. தூசியோடும் உடல் இப்படித்தான் போராடுகிறது. இது வெளியே தெரியாது. நாள்கணக்கில் நீடித்தால் மூளையும் களைக்கிறது. தூக்கம் கெடும். எரிச்சல் வரும். எதிலும் பிடிப்பு இருக்காது.

புகை வேறு வகையிலும் மனதை வாட்டுகிறது. டெல்லியில் புகை மிக அதிகமானால் கட்டட வேலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும். காற்றுக்கு அது நல்லதுதான். ஆனால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்று கூலி இல்லை. வாடகைக்கு என்ன செய்வது? ஊருக்கு எதை அனுப்புவது? இந்தக் கவலையில் தூக்கம் வருமா? வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகை தரும்படி 2024இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் நல வாரியத்தில் பெயர் பதிந்தவர்களுக்குத்தான் அந்தப் பணம்.

டெல்லிதான் என்று இல்லை. சன்னல் இல்லாத சமையலறையில் விறகு அடுப்பு எரிந்தால் அங்கும் இதே கதைதான். விறகுப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலை வலிக்கும், கிறுகிறுக்கும். சமைத்து முடித்த பெண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். "எப்போது பார்த்தாலும் சிடுசிடுப்பு" என்று வீட்டில் பேச்சு. அவளைக் குறை சொல்கிறவர்கள் ஒரு நாள் அந்த அடுப்பின் முன் உட்கார்ந்து பார்க்கலாம்.

எல்லா மனக்கவலைக்கும் புகைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கடன், சண்டை, சாவு என்று எத்தனையோ உண்டு. புகை அந்தச் சுமையைக் கூட்டுகிறது.

காற்றைச் சரிசெய்ய முடியும். முன்பு பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். அது குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. 2000ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் அதை நிறுத்தினார்கள்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. அடுப்புக்கு நேரே சன்னல் வைக்கலாம். புகைபோக்கி வைக்கலாம். முடிந்தால் எரிவாயுவுக்கு மாறலாம். பிளாஸ்டிக் குப்பையை எரிக்கவே கூடாது. புகை நாளில் முகத்தில் துணி கட்டுவார்கள். நுண்ணிய தூசியைத் துணி தடுக்காது. அதற்கென்று உள்ள முகக்கவசம் வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 14416 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். அரசு 2022இல் தொடங்கிய மனநல உதவி எண் இது. இரவிலும் பேசலாம். தமிழிலும் பேசலாம். காசு இல்லை.