காயலான் கடைக்குப் போகும் சிவப்பணு

பூசலார் நாயனார் தம் நெஞ்சுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய ஊர் திருநின்றவூர். அங்குள்ள இருதயாலீஸ்வரரிடம் இதய நோயாளிகள் வந்து வேண்டிக்கொள்வது வழக்கம். இதயம் உந்தித் தள்ளுகிறது, சரி. ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் சிவப்பணுவுக்காக யாராவது வேண்டிக்கொள்கிறார்களா?

அதன் ஆயுள் சுமார் 120 நாள். எலும்பு மஜ்ஜையில் முதிரும்போதே உட்கருவை வெளியே தள்ளிவிடும், மைட்டோகாண்ட்ரியாவும் மிஞ்சாது. ஹீமோகுளோபினுக்கு நிறைய இடம் கிடைக்கிறது. ஆனால், ஒரு புரதம் கெட்டால் புதிதாகச் செய்துகொள்ள வழியில்லை. பிறந்தபோது கொண்டுவந்த கட்டுச்சோறுதான் கடைசிவரை.

கெடுவது எதனால்? ஆக்சிஜன் பட்டால் இரும்பு என்ன ஆகும் என்று கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைத் தொழிலாளிக்குச் சொல்லத் தேவையில்லை. ஹீமோகுளோபினில் இருப்பதும் இரும்புதான். தினமும் அதில் 1 முதல் 3 சதவீதம், ஓர் எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் பறிகொடுத்து, மெத்ஹீமோகுளோபின் ஆகிறது. அதனால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. எலக்ட்ரானைப் பறித்த ஆக்சிஜனோ சூப்பர் ஆக்சைடாக மாறி, அக்கம்பக்கத்துப் புரதங்களையும் சவ்வின் கொழுப்பையும் அரிக்கக் கிளம்புகிறது. ஒரு நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக்க, கேட்டலேஸும் குளுட்டாதயோனும் அதைத் தண்ணீராக்கிவிடுகின்றன. பழுதான இரும்பைச் சரிசெய்யவும் தனியாக ஒரு நொதி உண்டு.

நாளாக ஆக இந்த நொதிகள் தளர்கின்றன. சவ்வு விறைக்கிறது. மண்ணீரலில், சிவப்பணுவைவிடக் குறுகலான இடுக்குகள் உள்ளன; இளம் அணு வளைந்து நெளிந்து கடந்துவிடும், கிழட்டு அணு மாட்டிக்கொள்ளும். அதன் மேல்பரப்பில் தெரியும் முதுமை அடையாளங்களைக் கண்டு மேக்ரோபேஜ் செல்கள் விழுங்கிவிடுகின்றன. இரும்பு மட்டும் மஜ்ஜைக்குத் திரும்புகிறது, தினமும் 20 மில்லிகிராமுக்குக் குறையாமல். உடலின் காயலான் கடை இது.

எண்பது வயதுக்காரரிடமும் சிவப்பணுவுக்கு வயது நான்கு மாதம்தான். அப்படியானால் மனிதரின் முதுமை அதைத் தொடாதா? தொடுகிறது. அலகாபாத் பல்கலைக்கழகத்தின் சையத் இப்ராஹிம் ரிஸ்வி குழுவினர் பல வயதினரின் சிவப்பணுக்களை ஒப்பிட்டனர். வயது கூடக் கூட குளுட்டாதயோன் குறைந்தது. கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் தடயம் கூடியது. அதே சமயம், உள்ளிருந்து எலக்ட்ரானை வெளியே கடத்தும் சவ்வின் அமைப்பு அதிகமாக உழைப்பதையும் 2006-இல் தெரிவித்தனர். இழப்பை ஈடுகட்ட உடல் முயல்கிறது என்பது அவர்கள் கருத்து.

இரத்தப் பையிலும் முதுமை நிற்பதில்லை. 2 முதல் 6 டிகிரி குளிரில், ஊட்டக் கரைசலோடு வைத்தாலும் 42 நாள்தான் கெடு. அதற்குள்ளேயே குளுட்டாதயோன் குறைகிறது, வட்டத் தட்டு போன்ற அணு முள்முள்ளாகிறது. இரத்தத்தை மாதக்கணக்கில் சேர்த்துவைக்க முடியாததால்தான் இரத்த வங்கிகள் எப்போதும் கொடையாளர்களைத் தேடுகின்றன.

உடல்நலமுள்ள ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கலாம். கொடுக்காமல் வைத்திருந்தாலும் அந்த அணுக்கள் 120 நாளில் காயலான் கடைக்குத்தான் போகப்போகின்றன.