ஒரே விமானம், இரண்டு வகுப்புகள்: பிள்ளைகளோடு பறக்கும்போது

கோடை விடுமுறையில் இலண்டனிலிருந்து கட்டுநாயக்கா வரும் விமானங்களில் பிள்ளைகளோடு ஊர் பார்க்க வரும் நம்மவர்கள் பலர். பத்து மணிநேரத்துக்கு மேற்பட்ட பயணம். காலில் ஷெல் துண்டோடு வாழும் தந்தையால் அவ்வளவு நேரம் மடங்கி இருக்க முடியாது. சேர்த்துவைத்த புள்ளிகளில் அவருக்கு பிசினஸ் வகுப்பு எடுத்து, தாயும் பிள்ளைகளும் சாதாரண வகுப்பில் இருப்பதில் சிக்கல் இல்லை.

தாயும் முன்னால் போனால்தான் சிக்கல். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையுடன் அதே வகுப்பில் பெரியவர் ஒருவர் இருக்கவேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. இது வெறும் கெடுபிடி அல்ல. பெற்றோரும் சிறுபிள்ளையும் ஒரே வரிசையில் இருப்பதே உகந்தது, முடியாவிட்டால் ஒரு வரிசைக்கு மேல் விலகக்கூடாது என்கிறது பிரித்தானிய சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் வழிகாட்டல். அவசரமாக வெளியேறச் சொன்னால் எந்தத் தாயும் கதவை நோக்கிப் போகமாட்டார். பிள்ளையைத் தேடி எதிர்த்திசையில்தான் ஓடுவார். அந்த ஒடுங்கிய வழியில் அது எல்லோருக்கும் ஆபத்து.

லவுஞ்ச் கணக்கு வேறு. பிசினஸ் பயணச்சீட்டு பொதுவாக அதை வைத்திருப்பவரை மட்டுமே உள்ளே விடும். ஸ்ரீலங்கன் அங்கம் வகிக்கும் வண்வேர்ல்ட் கூட்டணியின் சஃபையர் அட்டை இருந்தால் ஒருவரைக் கூட்டிச்செல்லலாம். இரண்டு பிள்ளைகள் என்றால்? வாசலில் நின்று வாதாடுவதைவிட முதலே கேட்டறிவது நல்லது.

ஒருவரின் ஆசனத்தை மட்டும் உயர்த்தினால் முன்பதிவு சிலவேளை இரண்டாகப் பிரியும். பிள்ளையின் பதிவு தாயோடு இருக்கிறதா என்று நிறுவனத்திடம் தொலைபேசியில் உறுதிப்படுத்துங்கள்.