ஏரியில் தொடங்கி கடலில் முடியும் ஒரு நாள் பயணம்

ஒரே நாளில் ஏரி, மலை, கடல் மூன்றையும் பார்க்க முடியுமா?

முடியும்! ஸ்ரீபெரும்புதூரில் காலை 6 மணிக்குக் காரில் புறப்பட்டால் போதும். இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். கையில் புளிசோறும், குடிக்கத் தண்ணீரும் இருக்கட்டும்.

ராமானுஜர் பிறந்த ஊர்

ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் அவருக்குத் தனிச் சன்னதி இருக்கிறது.

ஊரை ஒட்டி ஒரு பெரிய ஏரி. அது நிறைந்து வழிந்தால், தண்ணீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் செம்பரம்பாக்கமும் ஒன்று.

மோட்டார் ஊர்

தெற்கே சென்றால் ஒரகடம். இங்கே கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் தயாராகின்றன. ரெனோ, நிசான் கம்பெனிகள் சேர்ந்து 2010-ல் கார் தொழிற்சாலை திறந்தன. ராயல் என்பீல்டு தொழிற்சாலை 2013-ல் வந்தது.

தொழிற்சாலைகளுக்கு நடுவிலும் ஏரிகள் தெரியும். இவை முன்னோர்கள் கரை கட்டி உண்டாக்கியவை. இந்தப் பக்கம் மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் கோடையைத் தள்ள முடியும். அதனால் ஓர் ஏரி வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும்படி வழி செய்தார்கள்.

சிங்கப்பெருமாள் கோவிலில் பாறையைக் குடைந்து கட்டிய நரசிம்மர் கோவிலைக் கும்பிட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்குப் போகலாம். அங்கே கொளவாய் ஏரி. ரெயிலில் போகிறவர்களும் ஜன்னல் வழியாகப் பார்க்கும் ஏரி அது.

கழுகு வந்த மலை

அடுத்தது திருக்கழுக்குன்றம். மலைக்கோவிலுக்கு 500-க்கும் அதிகமான படிகள்! முன்பு உச்சிவேளையில் கழுகுகள் வந்து உணவு உண்டு போகும். அதைப் பார்க்கப் பெரும் கூட்டம் கூடும். இப்போது கழுகுகள் வருவதில்லை.

கீழே சங்கு தீர்த்தம் என்னும் பெரிய குளம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதில் சங்கு பிறக்கும் என்பது மக்கள் நம்பிக்கை.

தவம் செய்யும் பூனை

அங்கிருந்து கிழக்கே மாமல்லபுரம். பல்லவர்கள் செதுக்கிய கல் ஊர். 1984-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பெரிய பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை தவம் செய்கிறது. எலிகள் அதன் முன் நிற்கின்றன! குழந்தைகள் சிரித்து மகிழ்வார்கள். பாறையின் நடுவே இருக்கும் பிளவில் கங்கை இறங்குவதாகச் சிலர் சொல்வார்கள். கல்லிலும் தண்ணீர்தான்!

கடல் நீர் குடிநீராகும் இடம்

கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் நெம்மேலி. இங்கே கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-ல் தொடங்கியது. அதன் அளவு நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024-ல், 15 கோடி லிட்டர் தரும் இன்னோர் ஆலையும் திறக்கப்பட்டது.

ஏன் இந்த ஆலைகள்? சென்னைக்கு ஏரித் தண்ணீர் மட்டும் போதவில்லை. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டது. மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள்.

உப்பை நீக்க மின்சாரம் வேண்டும், பணம் வேண்டும். மழைத் தண்ணீரோ சும்மா கிடைக்கிறது. அதைப் பிடித்து வைக்க ஏரிதான் வேண்டும்.

மாலையில் முட்டுக்காட்டில் படகு ஏறி, வீடு திரும்பலாம். காலையில் பார்த்த ஏரியின் அருமை அப்போது குழந்தைகளுக்கும் புரிந்திருக்கும்.